அஸ்பெண்டோஸின் மேல்வரிசை

அன்டலியா, துருக்கி
11 மே 1975

அன்புள்ள விமலாவுக்கு,

நீர் சுகமாக இருக்கிறீர் என்று உம்முடைய அண்ணா தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீர் சிட்னியில் நம் வீட்டை விட்டு அவர் வீட்டுக்குப் போன நாளிலிருந்து உம்முடைய சுகம் அவர் வாயால்தான் எனக்கு வருகிறது. இன்று துணிந்து நேரே உமக்கே எழுதுகிறேன்.

கட்டடம் வரையும் எங்கள் கந்தோரின் வேலையாக லண்டனுக்குப் போனேன். திரும்பும் வழியில் துருக்கியில் இறங்கி, அஸ்பெண்டோஸ் என்ற இடத்தில் உள்ள ரோமானிய அரங்கைப் பார்த்து வரச் சொன்னார்கள். மெல்பேர்னில் த பேசின் என்ற ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், ஒரு திறந்தவெளி அரங்கு கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உம்முடைய அண்ணா வீட்டிலிருந்து காரில் கிட்டத்தான்.

பாதி வழி பஸ்ஸில் போனேன். மீதி வழி, வயலுக்குப் போன ஓர் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில். தூரத்தில் தெரிந்தது வெறும் உயரமான சுவர். ஜன்னல் வைத்த பழைய ஆலை மாதிரி. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வாசலால் நுழைந்தேன். இருட்டான வளைவுப் பாதை. அதன் முடிவில் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் கால் வைத்ததும், விமலா, நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மலைச்சரிவில் அரைவட்டமாகக் கல்லிருக்கைகள், ஒன்றுக்குமேல் ஒன்றாக, செங்குத்தாக ஏறுகின்றன. உச்சியில் வளைவுகள் வைத்த நடைகூடம் அவற்றைச் சுற்றி வருகிறது. எதிரே மேடைச்சுவர், உச்சி வரிசையின் உயரத்துக்கே எழுந்து நிற்கிறது. கிரேக்கர்கள் மேடைக்குப் பின்னால் மலையையும் கடலையும் தெரிய விட்டார்களாம். ரோமர்கள் விடவில்லை. சுவரையும் இருக்கைகளையும் இரு பக்கத்திலும் பூட்டி, எல்லாவற்றையும் ஒரே கட்டடமாக்கி, மேலே வானத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கட்டியவன் பெயர் சீனோன், இந்த ஊர்க்காரன்தான். கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. அவன் செத்துப் பதினெட்டு நூற்றாண்டாகிறது. அவன் வைத்த கல்லில் நான் போய்க் குந்தி இருந்தேன், அது ஆடவில்லை அசையவில்லை. நான் வரைந்த கட்டடம் ஏதாவது எனக்குப் பிறகு ஐம்பது வருடம் நிற்குமா என்று யோசித்தேன். பொறாமை வரவேண்டிய இடத்தில் கும்பிடத்தான் தோன்றியது.

காவற்காரர் என்னை உச்சிக்கு ஏறச் சொல்லிக் கை காட்டினார். ஏறினேன். அவர் கீழே மேடை நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தார். கிழியும் சத்தம் என் காதடியில் கேட்டது.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். இதை உமக்கு எழுதலாமா? தெரியவில்லை. ஆனால் இப்படி ஒன்றைக் கண்டால் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு உம்மைவிட்டால் ஆள் இல்லை. கொழும்பிலும் இருந்ததில்லை, சிட்னியிலும் இல்லை.

அன்புடன்
ஆனந்தன்


பொரோனியா, மெல்பேர்ன்
2 ஜூன் 1975

மதிப்புக்குரிய ஆனந்தராஜா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. காது கேளாத ஒருத்திக்குக் காகிதம் கிழியும் சத்தத்தைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அண்ணாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அவனுக்கென்ன விசரா?" என்றார். அண்ணா மெதுவாகக் கதைத்தால் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். அதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை, ஆனாலும் விளங்கியது.

பிறகு கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். போன ஞாயிறு எடுத்துத் திரும்ப வாசித்தேன். அப்போது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு வருடமாகப் போகிறது. இவ்வளவு காலத்தில் சத்தம் என்ற சொல்லையே யாரும் என் முன்னால் எடுத்ததில்லை. நான் அறைக்குள் வந்தால் யோகா அண்ணி வானொலியை அணைத்துவிடுகிறா. எனக்காகவாம். பாடசாலையில் சங்கீதம் படிப்பித்த எனக்கு அது இரக்கம் என்று நினைக்கிறா. நீங்கள் ஒருவர்தான் இப்படி முகத்துக்கு நேரே எழுதியிருக்கிறீர்கள். கோபம் போகவில்லை. ஆனால் அதோடு வேறு ஏதோவும் வந்திருக்கிறது.

எழுதத் தொடங்கியதால் எழுதிவிடுகிறேன். செவி போய்விட்டது என்றுதான் வைத்தியர் சொன்னார். உங்கள் நாக்குப் போய்விட்டது என்று எவரும் சொல்லவில்லை. சிட்னியில், நம் ஹோம்புஷ் வீட்டில் நீங்கள் எதிர்க்கதிரையில் இருந்து சாப்பிட்டீர்கள், கோப்பையைக் கழுவி வைத்தீர்கள், படுக்கப் போனீர்கள். நண்பர்கள் வந்தால் அவர்களோடு குசினிக்குள், அடுப்படியில் நின்று கதைத்தீர்கள். நான் இங்கே வந்தது அதனால்தான். உங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று அண்ணா சொன்னது அண்ணாவின் கதை.

ஒரு கேள்வி. விருப்பமானால் பதில் போடுங்கள். அவ்வளவு பெரிய கற்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குழம்பிவிடாதா? எங்கள் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் சேர்ந்து பாடினால் ஒரு சொல்லும் விளங்காது, எல்லாம் ஒரே இரைச்சல். சீனோன் அதற்கு என்ன செய்தான்?

விமலாதேவி


ஹோம்புஷ், சிட்னி
15 ஜூன் 1975

அன்புள்ள விமலாவுக்கு,

உம்முடைய கேள்வியைக் கந்தோருக்குக் கொண்டுபோய் ஒலி விஷயம் தெரிந்தவர்களிடமும் கேட்டேன். சீனோன் சுவரை மொட்டையாக விடவில்லை. இரண்டு மாடி உயரத்துக்குத் தூண்கள், மாடங்கள், மாடத்துக்குள் சிலைகள், சிலைக்கு மேல் முக்கோண முகப்புகள். தூண்கள் இன்று விழுந்துபோயின, அவை நின்ற இடம் தெரிகிறது. அலங்காரம் என்று நான் நினைத்தவை அத்தனையும் ஒலியைச் சின்னச் சின்னதாக உடைத்து நாலு பக்கமும் சிதறவைத்தன. மேடைக்கு மேல் சாய்வான மரக்கூரை இருந்ததாம். அதன் தடம் சுவரில் இன்னும் கோடாக இருக்கிறது. குரல் வானத்துக்குப் போகாமல் அது சனத்தின் பக்கம் தள்ளிவிடும். இருக்கைகள் செங்குத்தாக இருப்பதால் முன்னால் இருப்பவரின் தலை பின்னால் இருப்பவருக்கு வரும் குரலை மறைக்காது. வேலைக்காரன், கடைக்காரன், கடைசி வரிசைக்கு ஒதுக்கப்பட்ட பெண்கள், எல்லோருக்கும் அதே சொல் போய்ச் சேர்ந்தது. இதை ஒலிபெருக்கி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், கல்லை வைத்துச் செய்தான்.

பிறகு வந்த துருக்கியர்கள் அதை இடிக்காமல், பயணிகள் தங்கும் இடமாக்கி, உடைந்த பக்கத்தைச் செங்கல் வைத்துத் திருத்தினார்கள். அவர்கள் தீட்டிய சிவப்பு வளைகோடுகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. அரங்கு தப்பியது யாரோ அதற்குள் குடியிருந்ததால்.

நாக்கைப் பற்றி எழுதியிருந்தீர். நான் வாய் திறந்த நேரமெல்லாம் நீர் என் முகத்தையே உற்றுப் பார்த்து, விளங்காமல், விளங்கியதுபோலத் தலையாட்டுவீர். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

உம்மிடம் ஓர் உதவி. அரங்கு வரப்போகும் சரிவின் படம் இதோடு இருக்கிறது. அண்ணாவோடு ஒருநாள் போய், அந்தச் சரிவில் சும்மா இருந்து பார்த்து எழுத முடியுமா? எங்கள் கந்தோரில் அங்கே போனவர்கள் எல்லோரும் நிலத்தை அளந்தார்கள். ஒருவரும் அங்கே இருந்து பார்க்கவில்லை.

அன்புடன்
ஆனந்தன்


பொரோனியா
6 ஜூலை 1975

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுப் போனோம். அண்ணா கார் ஓட்டினார், யோகா அண்ணி தேத்தண்ணீர் கொண்டுவந்தா. சரியான குளிர். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, கீழே ஓடை வரை இறங்கும் நல்ல சரிவு. உங்கள் ஆட்கள் அதைத் தெரிந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. மலையே இருக்கை செய்து வைத்திருப்பதுபோலத்தான் கிடக்கிறது.

சரிவின் நடுவில் இருந்தேன். மேடை வரும் இடத்தில் அண்ணியை நிற்கச் சொன்னேன். பின்னேரம், நாடகம் தொடங்கும் நேரமாக இருக்கட்டும் என்று காத்திருந்தோம். அவ கதைக்கத் தொடங்கினா. என்னால் ஒரு சொல்லும் எடுக்க முடியவில்லை. தூரம் காரணமில்லை. சூரியன் அவவுக்கு நேர் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவவின் முகம் வெறும் கறுப்பு. காதுக்குப் பதில் கண்ணை வைத்திருக்கிறவளுக்கு முகம் இல்லாவிட்டால் ஆளே இல்லை. பக்கத்தில் இருந்த அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கியபடி இருந்தார். உங்களுக்கும் தெரியவில்லையா என்று கேட்டேன். ஓம், ஒண்டும் தெரியேல்லை, வெயில் கண்ணுக்குள்ள குத்துது என்றார்.

அப்படியானால் இது என் குறை மட்டுமில்லை. அந்தச் சரிவில் இருக்கும் அத்தனை பேரும் சூரியனைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறார்கள். அஸ்பெண்டோஸில் பின்னேரச் சூரியன் எங்கே நின்றது? அதை நீங்கள் எழுதவேயில்லை. ஒலியைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினீர்கள், பின்னேர வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சரிவு உண்டு. உயரம் குறைவு. ஆனால் அது எதிர்ப்பக்கம் பார்க்கிறது. செருப்போடு ஓடையைக் கடந்து போய் அங்கேயும் இருந்தேன். அண்ணி வந்து நின்றா. அவவின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. "கால் விறைக்குது, வீட்டை போவம்" என்றா. ஒரு சொல் தப்பாமல் எடுத்தேன்.

உங்கள் எழுத்து வரவரக் கோழி கிளறியதுபோல இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக, ஆறுதலாக எழுதுங்கள்.

விமலா


ஹோம்புஷ்
22 ஓகஸ்ட் 1975

அன்புள்ள விமலாவுக்கு,

ஆறுதலாக எழுதுகிறேன், ஆனால் கை பறக்கிறது.

அஸ்பெண்டோஸில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி நிழல்களைப் பார்த்தேன். அரங்கு ஏறும் மலை மேற்கே இருக்கிறது. பின்னேரச் சூரியன் பார்வையாளரின் முதுகுப் பக்கம். வெளிச்சம் அவர்களைத் தாண்டிப் போய் மேடைச்சுவரில் விழுகிறது. நான் அங்கே நாள் முழுவதும் இருந்தேன், சுவர் பொன்னாக மாறியதை வாய் பிளந்து பார்த்தேன், ஏன் அப்படி மாறியது என்று யோசிக்கவில்லை. சீனோன் யோசித்திருக்கிறான். நீரும் யோசித்தீர்.

கந்தோரில் எல்லோரும் இருந்த கூட்டத்தில் வரைபடத்தைத் திருப்பிப் போட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவைக் காட்டினேன். உயரம் போதாதே என்று ஒருவர் கேட்டார். மலை போதாத இடத்தில் ரோமர்கள் வளைவுகளைக் கட்டி மலையை உயர்த்தினார்கள், நாமும் மேல் வரிசைகளை வளைவுகளின் மேல் ஏற்றலாம் என்றேன். எங்கள் கந்தோர்ப் பெரியவர் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, வெயிலை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்.

"என் மனைவி" என்றேன்.

அவருக்கு உம்மைச் சந்திக்க வேண்டுமாம். எனக்கும்தான். சிட்னிக்கு வருவீரா? வரைபடங்களை உமக்குக் காட்ட வேண்டும்.

ஆனந்தன்


பொரோனியா
14 செப்டெம்பர் 1975

அன்புள்ள உங்களுக்கு,

கூட்டத்தில் நடந்ததை நீங்கள் எழுதிய கடிதத்தை அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். நானே வாய்விட்டு வாசித்தேன். என் குரல் எவ்வளவு உயர்கிறது, எங்கே உடைகிறது என்று எனக்குத் தெரியாததால் நான் வாய் திறப்பதே குறைவு. அண்ணி அழுதா. குரல் அவ்வளவு மோசமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினா.

சிட்னிக்கு இப்போது வரமாட்டேன். வரைபடம் பார்க்க வந்து, பார்த்து முடிந்ததும் இருவரும் பேச்சில்லாமல் எதிரெதிரே இருக்க நேர்ந்தால், அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

வேறு செய்தி. தங்கச்சி கமலினிக்குச் சித்திரை மாதம் லண்டனில் கலியாணம். எல்லோரும் போகிறோம். திரும்பி வரும்போது நான் மட்டும் துருக்கியில் இறங்கப்போகிறேன். அண்ணா வீட்டைத் தலைகீழாக்கிவிட்டார். காது கேளாத பொம்பிளை, பாஷை தெரியாத ஊர், தனிய. இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். காது கேளாததில் உள்ள ஒரே வசதி அது.

"நானும் வாறன்" என்று நீங்கள் எழுதுவீர்கள். வரவேண்டாம். நீங்கள் பார்த்ததை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டேன். இனி என்னுடைய கண்ணால் பார்க்க வேண்டும். எந்த பஸ், எங்கே இறங்குவது, இதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

விமலா


ஹோம்புஷ்
25 மார்ச் 1976

அன்புள்ள விமலாவுக்கு,

பஸ், விடுதி, வழி எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. உழவு இயந்திரம் கிடைக்காவிட்டால் நடக்கலாம், பாதை நேர்ப்பாதைதான்.

இந்த ஆறு மாதமும் வாறன் என்று எழுதத்தான் நினைத்தேன், அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு பிந்தியது. எழுதவில்லை. உம்முடைய அண்ணா மூன்று தரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ சொன்னா அவள் கேப்பாள்" என்றார். கேட்கமாட்டாள், கேட்கவும் தேவையில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் கந்தோரில் ஒரு கோடும் நேராகப் போடவில்லை.

அரங்குக்கு அனுமதி கிடைத்துவிட்டது, ஓடைக்கு அந்தப் பக்கத்தில். கமலினிக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லும்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு தந்தி அடியும். வேறொன்றும் கேட்கமாட்டேன்.

ஆனந்தன்


அன்டலியா, துருக்கி
6 மே 1976

அன்புள்ள அத்தான்,

தந்தி கிடைத்திருக்கும். இது அதன் மிச்சம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்த நாட்டில் நான் செவிடி என்று ஒருவருக்கும் தெரியாது. விடுதியிலும் பஸ்ஸிலும் வெளியூர்க்காரர் எல்லோரும் கையைக் காலைக் காட்டித்தான் கதைக்கிறார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் பஸ்காரரிடம் படாத பாடு பட்டார். நான் கடதாசியில் படம் கீறிக் காட்டி அவரையும் ஏற்றிவிட்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மற்றவர்களைவிட எனக்கு அதிகம் விளங்கியது.

அரங்குக்கு நேற்றுப் போனேன். நீங்கள் எழுதிய இருட்டுப் பாதையால் வந்தேன். அழுகை வரும் என்று பயந்திருந்தேன். ஒலிக்காகக் கட்டிய கோயிலுக்குள் நான் எதற்கு என்று ஒரு நினைப்பு லண்டனிலிருந்தே கூட வந்தது. உள்ளே போனதும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தான், எவ்வளவு பெரிது. நீங்கள் எழுதியதெல்லாம் சரி, ஆனாலும் கடிதத்துக்குள் அது அடங்கவில்லை. வாசலடியில் ஒரு கல்லைத் தொட்டேன். வெயிலில் சூடேறி, ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து, மழமழவென்று இருந்தது. அத்தனை பேர் வந்து போன கல்லில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. பெண்களுக்கு ஒதுக்கியது என்றீர்களே, அந்தக் கடைசி வரிசைக்கே ஏறினேன்.

காவற்காரர் மேடையில் யாருக்கோ காகிதம் கிழித்துக் காட்டினார். எனக்குக் கேட்கவில்லை. கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் வரவில்லை. கல் கல்லாகவே இருந்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை என்பதை உங்களுக்கு உண்மையாக எழுதுகிறேன்.

பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். தாய்மாரும் வந்தார்கள். கீழிருந்து பாதி உயரத்துக்கு மேலும் நிறைந்து, சில தாய்மார் என் வரிசைக்கும் ஏறி வந்துவிட்டார்கள். நாடகம் ஒன்று தொடங்கியது, மேடைக்கு ஒரு கிழவர் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். ஆட்டுக்கு ஏதோ புத்தி சொல்கிறார். ஆடு அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அவர் சுற்றி முன்னால் வருகிறார், ஆடு திரும்புகிறது. கடைசியில் தொப்பியைக் கழற்றி ஆட்டைக் கும்பிட்டார். ஆடு தொப்பியைக் கடித்தது.

அப்போது கண்டேன். முதலில் கீழ் வரிசைப் பிள்ளைகளின் தலைகள் பின்னால் சாய்ந்தன. உடனே அதற்கு மேல் வரிசை, அதற்கு மேல் வரிசை. தோள்கள் குலுங்கின, கைகள் எழுந்தன. அந்த முழு அரைவட்டமும் கீழிருந்து மேலாக விரிந்துகொண்டு என்னை நோக்கி ஏறி வந்தது. சிரிப்பு நடந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன். காது கேட்கிறவர்கள் யாராவது அதைப் பார்த்திருப்பார்களா? அவர்களுக்குக் கேட்டுவிடும், பார்க்கத் தேவையில்லை. சீனோன் ஏன் அரைவட்டமாகக் கட்டினான் என்று எனக்கு அந்த நேரம் விளங்கியது. மேடையைப் பார்க்க நேர்வரிசை போதும். ஆனால் வளைத்துக் கட்டினால்தான் சனம் சனத்தைப் பார்க்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்ததை இங்கிருந்து பார்த்தேன். அவவும் என்னைப் பார்த்திருப்பா.

அந்தச் சிரிப்பு என் வரிசைக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பி என்னைப் பார்த்தா, பிறகு என் தொடையில் தட்டி இன்னும் அதிகமாகச் சிரித்தா. நான் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். எவ்வளவு சத்தமென்று எனக்குத் தெரியாது. வாயைப் பொத்தவில்லை.

வெளிச்சம் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்ச் சுவரில் விழுந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகும் இருந்தேன். காவற்காரர் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டும் வரை இருந்தேன்.

அத்தான், என் பயணச்சீட்டை இன்று மாற்றிவிட்டேன். 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குவது மெல்பேர்னில் அல்ல, சிட்னியில். அண்ணாவுக்கு நானே எழுதிவிட்டேன். நீங்கள் கதைக்க வேண்டும். மழையைப் பற்றி, கந்தோரைப் பற்றி, கறிக்கு உப்புக் கூடியதைப் பற்றி, எதுவானாலும். எனக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்வேன், இனித் தலையாட்டமாட்டேன். நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டும். பத்துத் தரம் சொல்ல வேண்டியிருந்தாலும் முகம் வாடக்கூடாது. இது இருவருக்கும்தான்.

ஒரேயொரு வேலை. விமான நிலையத்துக்கு வருவதற்கு முன் அந்த மீசையை எடுத்துவிடுங்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அது உங்கள் மேல் உதட்டை மறைத்துக்கொண்டிருக்கிறது, எனக்குப் பாதிச் சொல் அதற்குள்ளேயே போய்விடுகிறது.

உங்கள்
விமலா